பழைய ஒளிப்படக்கருவிகளில் ஒளிமானிப் பிழை

ஒளிமானிப் பிழை என்பது, படச்சுருள் பயன்படுத்தும் பழைய ஒளிப்படக்கருவிகளில் (கேமரா) அமைந்துள்ள ஒளிமானி, காட்சியிலுள்ள ஒளியை உண்மையான அளவைவிடக் கூட்டியோ குறைத்தோ காட்டுவதைக் குறிக்கும். ஒளியுணரும் பகுதி முதுமையடைதல், உரிய மின்னழுத்தம் கொண்ட மின்கலம் கிடைக்காமை, மின்தொடுகைகள் அரிக்கப்படுதல் ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்களாகும்.

எண்ணிம ஒளிப்படக்கருவியில் எடுத்த படத்தை உடனே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். படச்சுருளில் எடுத்த படத்தின் நிறைகுறை, சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். 36 படங்கள் கொண்ட ஒரு சுருள் முழுவதும் ஒரே பிழையுடன் பதிவாகிவிடக்கூடும். உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் விற்ற படச்சுருள்களின் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று படச்சுருள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலையும் கூடுதலாக உள்ளது. எனவே குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு கருவியை மீண்டும் பயன்படுத்த விரும்புவோர் முதலில் அறியவேண்டியது அதன் ஒளிமானியின் நிலையையே ஆகும்.

பிழையுள்ள ஒளிமானிகள் யாவும் பயனற்றவை அல்ல. பிழை எல்லா ஒளியிலும் ஒரே அளவாக இருந்தால் அதனை எளிதில் ஈடுசெய்யலாம். ஒளிக்கு ஒளி மாறுபடும் பிழையை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே இக்கட்டுரையின் மையப் பொருளாகும். இதற்கான எடுத்துக்காட்டிடமாகப் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள திருமயம் கோட்டைக் குன்று எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

அடிப்படைக் கருத்துகள்

படச்சுருளின் மீது விழும் மொத்த ஒளியளவை (எக்ஸ்போஷர்) இரண்டு அமைப்புகள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று வில்லையின் துளை அளவு, இது எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6, எஃப்/8, எஃப்/11, எஃப்/16 என்றவாறு குறிக்கப்படும். எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். மற்றொன்று மூடுதிரை (ஷட்டர்) திறந்திருக்கும் நேரம். இது 1/60, 1/125, 1/250 நொடி என்றவாறு குறிக்கப்படும். படச்சுருளின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ எண்ணால் குறிக்கப்படுகிறது. பழைய கருவிகளில் இதே எண் ஏஎஸ்ஏ என்று பொறிக்கப்பட்டிருக்கும்.

ஒளியளவு இரு மடங்காவதோ பாதியாவதோ ஒரு 'படி' (ஸ்டாப்) எனப்படும். எஃப்/16 இலிருந்து எஃப்/11க்கு மாற்றினால் ஒளி ஒரு படி கூடும். 1/125 நொடியிலிருந்து 1/250 நொடிக்கு மாற்றினால் ஒரு படி குறையும். ஒளிமானிப் பிழையும் இந்தப் படிக்கணக்கிலேயே அளக்கப்படுகிறது.

ஒளிமானி வகைகள்

பழைய கருவிகளில் மூன்று வகை ஒளியுணரிகள் காணப்படுகின்றன.

செலீனியம்: ஒளி பட்டதும் தானே மின்னோட்டத்தை உண்டாக்கும் தன்மை கொண்டது. மின்கலம் தேவையில்லை. 1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் இவ்வகைத் தனி ஒளிமானியை வெளியிட்டது. 1935இல் வெளிவந்த சைஸ் ஐக்கான் நிறுவனத்தின் கான்டாஃபிளெக்ஸ் இரட்டை வில்லைக் கருவியில் ஒளிமானி கருவியின் உடலிலேயே பொருத்தப்பட்டது. வில்லையைச் சுற்றியோ அதன் மேலோ தேன்கூடு போன்ற கண்ணாடிப் பரப்பு காணப்பட்டால் அது பெரும்பாலும் செலீனியம் வகையாகும். ஒலிம்பஸ் டிரிப் 35, செனித்-ஈ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

காட்மியம் சல்பைடு: ஒளி பட்டால் மின்தடை குறையும் பொருள். இதற்கு மின்கலம் தேவை. செலீனியத்தைவிட மங்கலான ஒளியையும் உணரக்கூடியது, உருவிலும் சிறியது. ஆகவே வில்லையின் வழியாக வரும் ஒளியையே அளக்கும் கருவிகளை உருவாக்க இது உதவியது. 1963இல் டாப்கான் ஆர்ஈ சூப்பர், 1964இல் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஆகியவை இம்முறையில் வெளிவந்தன.

சிலிக்கான் ஒளி இருமுனையம்: 1970களிலிருந்து பரவியது. விரைவாகச் செயற்படும், முதுமையால் அதிகம் பாதிக்கப்படுவதில்லை.

இந்தியாவில் பரவலாகப் புழங்கிய அக்ஃபா கிளிக் 3 போன்ற பெட்டி வகைக் கருவிகளில் ஒளிமானியே இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அவற்றில் எடுக்கப்பட்ட படங்கள், ஒளிமானி இன்றியும் நல்ல படம் எடுக்க இயலும் என்பதற்குச் சான்றாகும்.

பிழைக்கான காரணங்கள்

செலீனியம் முதுமை

ஈரம், வெப்பம், நீண்டகால ஒளி ஆகியவற்றால் செலீனியப் பரப்பும் அதன் தொடுகைகளும் காலப்போக்கில் சிதைகின்றன. அப்போது உண்டாகும் மின்னோட்டம் குறைகிறது. முள் உரிய அளவுக்கு நகராது. அதாவது, உள்ள ஒளியைவிடக் குறைவாக இருப்பதாக ஒளிமானி காட்டும். அதனை நம்பித் துளையைத் திறந்தால் படச்சுருளுக்குக் கூடுதல் ஒளி கிடைத்துவிடும்.

பாதரச மின்கலம் மறைந்தமை

1960களிலும் 1970களிலும் வெளிவந்த காட்மியம் சல்பைடு ஒளிமானிகள் பல, 1.35 வோல்ட்டு பாதரச மின்கலத்திற்கென வடிவமைக்கப்பட்டவை. இம்மின்கலத்தின் மின்னழுத்தம் அதன் ஆயுள் முழுவதும் ஏறத்தாழ மாறாமல் இருந்து, முடிவில் திடீரென வீழும். ஆகவே மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் தனிச் சுற்று எதுவும் தேவைப்படவில்லை. மினோல்டா எஸ்ஆர்-டி 101, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனனெட் கியூஎல்17 ஜி3, யாஷிகா மேட் 124ஜி ஆகியவை இத்தகையன.

பாதரசம் நச்சுத்தன்மை கொண்டது. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இம்மின்கலங்களின் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் பாதரச மாசு குறித்த கவலையை வெளிக்கொணர்ந்த நிகழ்வு, கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டதாகும். ஆகவே பாதரச மின்கலம் மறைந்தது ஒளிப்படக்காரருக்கு இடையூறாயினும் பொதுநலனுக்கு உகந்ததே.

அதே இடத்தில் 1.5 வோல்ட்டு ஆல்கலைன் மின்கலத்தை இட்டால் மின்னழுத்தம் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுகிறது. முள் கூடுதலாக நகர்வதால் ஒளி மிகுதியாக இருப்பதாக ஒளிமானி காட்டும். படச்சுருளுக்குக் கிடைக்கும் ஒளி குறையும். மேலும் ஆல்கலைன் மின்கலத்தின் மின்னழுத்தம் பயன்படுத்தப் பயன்படுத்தத் தொடர்ந்து இறங்கும். எனவே பிழையும் நாளுக்கு நாள் மாறும். இதுவே இம்மின்கலத்தின் பெருங்குறையாகும்.

எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தாது. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கருவியில் சமனச் சுற்று அமைந்துள்ளதால், மின்னழுத்தம் சற்று மாறினாலும் முள் நிற்கும் சமநிலை பெரிதும் மாறுவதில்லை.

காட்மியம் சல்பைடின் நினைவு விளைவு

கடும் வெயிலைக் கண்ட காட்மியம் சல்பைடு உடனே இருட்டுக்குத் திரும்பாது. வெயிலிலிருந்து மண்டபத்திற்குள் நுழைந்தவுடன் எடுக்கும் அளவீடு, சிறிது நேரத்திற்கு, உள்ளதைவிடக் கூடுதலான ஒளியைக் காட்டும். இது பழுது அன்று; பொருளின் இயல்பு. சிறிது பொறுத்து அளந்தால் சரியான அளவு கிடைக்கும்.

மூடுதிரைப் பிழை

படம் தவறினால் குற்றம் ஒளிமானியுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் இறுகிய பழைய மூடுதிரை, 1/500 நொடி என்று குறித்திருந்தாலும் அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கலாம். அப்போது ஒளிமானி சரியாக இருந்தும் படச்சுருளுக்கு ஒளி மிகும். ஆகவே ஒளிமானியையும் மூடுதிரையையும் தனித்தனியே சோதிக்கவேண்டும்.

பிழையின் திசை

பிழையின் அளவைப் போலவே அதன் திசையும் முக்கியமானது. கறுப்பு-வெள்ளை, வண்ண எதிர்ப்படச் சுருள்கள் (நெகடிவ்) ஓரிரு படிகள் கூடுதல் ஒளியைப் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். ஒளி குறைந்தாலோ நிழற்பகுதிகளின் விவரம் பதிவாகாது. பதிவாகாததை அச்சிடும்போது மீட்க இயலாது. நேர்ப்படச் சுருளில் (சிலைடு) நிலைமை வேறு. அதில் கூடுதல் ஒளி வெளிர்பகுதிகளை முற்றிலும் அழித்துவிடும். அரைப் படிப் பிழையே கண்ணுக்குத் தெரியும்.

இதன்படி, முதுமையடைந்த செலீனியம் ஒளிமானி எதிர்ப்படச் சுருளுக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. உரிய மின்கலம் இல்லாத காட்மியம் சல்பைடு ஒளிமானியே எதிர்ப்படச் சுருளைக் கெடுக்கும்.

பிழை போலத் தோன்றுவது

காட்சியிலிருந்து தெறித்து வரும் ஒளியை அளக்கும் ஒளிமானி, தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். இந்த நடுத்தரத்திற்கு, தன்மீது விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் தெறிக்கும் சாம்பல் அட்டை பொது அளவாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளை வேட்டி அணிந்தவரை நெருங்கி அளந்தால் வேட்டி சாம்பலாகும் வகையில் ஒளியைக் குறைக்கச் சொல்லும். எண்ணெய் படிந்த கருங்கற் சிலையை அளந்தால் சிலை வெளிறும் வகையில் ஒளியைக் கூட்டச் சொல்லும். இவ்விரண்டிலும் ஒளிமானி பழுதின்றியே செயற்படுகிறது. வெண்பொருளுக்கு ஒன்று முதல் இரண்டு படிகள் கூட்டியும், கரும்பொருளுக்கு அதுபோலக் குறைத்தும் அமைக்கவேண்டியது படம் எடுப்பவரின் பொறுப்பாகும். இதனை அறியாமல் நல்ல ஒளிமானியைப் பழுதென்று ஒதுக்குவோரும் உளர்.

சோதிக்கும் முறை

1. ஒளிமானியின் மீது ஒளி விழாதபடி முழுவதும் மூடவேண்டும். முள் அதன் தொடக்கக் குறியில் நிற்கவேண்டும்.

2. மின்கலம் உள்ள கருவியாயின் மின்கலத் தொடுகைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு உள்ளதா எனப் பார்த்துத் துடைக்கவேண்டும்.

3. நம்பத்தகுந்த ஒரு தனி ஒளிமானியையோ எண்ணிம ஒளிப்படக்கருவியையோ ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளவேண்டும். திறன்பேசியில் இயங்கும் ஒளிமானிச் செயலியும் தொடக்க ஒப்பீட்டுக்குப் போதுமானது. இரண்டிலும் ஒரே ஐஎஸ்ஓ எண்ணை அமைக்கவேண்டும்.

4. ஒரே நிறமுடைய, ஒளி சீராக விழும் பரப்பை இரண்டும் முழுவதுமாகக் காணும்படி வைத்து அளக்கவேண்டும். வானமோ விளக்கோ இடையில் வரக்கூடாது.

5. குறைந்தது மூன்று வகை ஒளியில் இதனைச் செய்யவேண்டும். வெயில் படும் சுவர், திண்ணை நிழல், வீட்டின் உள்ளறை ஆகியவை இதற்குப் போதும்.

விளக்கத்திற்காக, ஐஎஸ்ஓ 100 அமைப்பில் இரு கருவிகளின் அளவீடுகள் பின்வருமாறு இருப்பதாகக் கொள்ளலாம்.

வெயில் சுவர் (1/125 நொடி): ஒப்பீட்டுக் கருவி எஃப்/16, முதற் கருவி எஃப்/22, இரண்டாம் கருவி எஃப்/11.
திண்ணை நிழல் (1/125 நொடி): ஒப்பீட்டுக் கருவி எஃப்/4, முதற் கருவி எஃப்/5.6, இரண்டாம் கருவி எஃப்/2.
உள்ளறை (1/15 நொடி): ஒப்பீட்டுக் கருவி எஃப்/2.8, முதற் கருவி எஃப்/4, இரண்டாம் கருவியில் முள் அசையவில்லை.

முதற் கருவி மூன்று இடங்களிலும் ஒளியை ஒரே ஒரு படி மிகுத்துக் காட்டுகிறது. இது மாறாப் பிழை. இரண்டாம் கருவி வெயிலில் ஒரு படியும் நிழலில் இரண்டு படிகளும் குறைத்துக் காட்டி, உள்ளறையில் செயலற்றுப் போகிறது. இது மாறும் பிழை.

திருத்தும் முறைகள்

மாறாப் பிழை

ஐஎஸ்ஓ எண்ணை மாற்றி அமைப்பதே எளிய வழியாகும். ஒளிமானி ஒரு படி மிகுத்துக் காட்டினால் எண்ணைப் பாதியாக்கவேண்டும். 100 சுருளுக்கு 50 என அமைக்கலாம். ஒரு படி குறைத்துக் காட்டினால் எண்ணை இரட்டிப்பாக்கி 200 என அமைக்கலாம். திருத்திய எண்ணை ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டிவைத்தால் மறதியால் தவறு நேராது.

மின்கல மாற்று

காது கேட்கும் கருவிகளில் பயன்படும் 675 வகைத் துத்தநாகக் காற்று மின்கலம் ஏறத்தாழ 1.4 வோல்ட்டு அளிக்கும்; மின்னழுத்தமும் பெரும்பாலும் சீராக இருக்கும். பழைய 625 வகைப் பாதரச மின்கலத்தின் விட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். 675 வகையின் விட்டம் 11.6 மில்லிமீட்டர். ஆகவே இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தேவைப்படும். ஒட்டுத்தாளை நீக்கியபின் இது காற்றால் செயற்படத் தொடங்குவதால், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும்.

1.55 வோல்ட்டு வெள்ளி ஆக்சைடு மின்கலத்துடன், மின்னழுத்தத்தை ஏறத்தாழ 0.2 வோல்ட்டு குறைக்கும் ஷாட்கி இருமுனையம் பொருத்திய ஏற்பியைப் பயன்படுத்துவது நிலையான தீர்வாகும். வெள்ளி ஆக்சைடு மின்கலத்தின் மின்னழுத்தமும் தீரும்வரை சீராக இருப்பதால், ஏற்பி இல்லாமல் இட்டாலும் ஆல்கலைன் மின்கலத்தைப் போல நாளுக்கு நாள் பிழை மாறுவதில்லை. எனினும் கூடுதல் மின்னழுத்தத்தால் எழும் பிழை சில கருவிகளில் ஒளிக்கு ஒளி வேறுபடுவதால், மூன்று வகை ஒளியிலும் சோதித்த பின்னரே ஐஎஸ்ஓ எண்ணை மாற்றவேண்டும்.

மாறும் பிழை

தொடுகைகளைத் துடைத்தும், மின்கலத்தை மாற்றியும் பிழை மாறிக்கொண்டே இருந்தால் ஒளியுணரி சிதைந்துள்ளதாகக் கருதலாம். அதனை மாற்றுவதற்கு அதே வகைப் பழைய கருவியின் பாகம் தேவைப்படும். கிடைக்காவிடில் அந்த ஒளிமானியைப் புறக்கணிப்பதே நன்று. கைமுறையில் துளையையும் நேரத்தையும் அமைக்கக்கூடிய கருவியாயின், வெளி ஒளிமானி கொண்டோ பின்வரும் விதி கொண்டோ தொடர்ந்து பயன்படுத்தலாம்.

பதினாறு விதி

தெளிவான வெயிலில் எஃப்/16 துளையும், ஐஎஸ்ஓ எண்ணைக் கீழெண்ணாகக் கொண்ட நேரமும் சரியான ஒளியளவைத் தரும் என்பதே இவ்விதி. ஐஎஸ்ஓ 100 சுருளுக்கு 1/125 நொடியும், 200 சுருளுக்கு 1/250 நொடியும் பொருந்தும். ஒளி குறையக்குறையத் துளையைப் பின்வருமாறு திறக்கவேண்டும்.

நிழல் கூர்மையாக விழும் வெயில்: எஃப்/16
நிழலின் ஓரம் மங்கிய மென்வெயில்: எஃப்/11
நிழல் தெரியாத மேகமூட்டம்: எஃப்/8
மழைமேகம்: எஃப்/5.6
வானம் தெரியும் திறந்த நிழல்: எஃப்/4

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு ஆண்டுக்குள் மாறுவதால் வெயிலின் செறிவில் உண்டாகும் வேறுபாடு ஏறத்தாழ 7 விழுக்காடே. இது பத்தில் ஒரு படி மட்டுமே. ஆகவே தெளிந்த வானத்துச் சூரியனை, எவரும் செலவின்றிப் பயன்படுத்தக்கூடிய அளவுகோலாகக் கொள்ளலாம். சூரிய உதயத்திற்குப் பின் இரண்டு மணி நேரமும் மறைவுக்கு முன் இரண்டு மணி நேரமும் கழித்த இடைப்பொழுதுக்கே இவ்விதி பொருந்தும்.

எடுத்துக்காட்டு: திருமயம்

திருமயம் புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், வட அகலக்கோடு ஏறத்தாழ 10¼ பாகையில் அமைந்துள்ளது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதிகள் காலத்தில் எழுந்த கோட்டை ஒரு பெரும்பாறைக் குன்றைச் சூழ்ந்துள்ளது. குன்றின் அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீசுவரர் குடைவரைக் கோயில்கள் அருகருகே உள்ளன. கோட்டைப் பாறையின் சரிவிலும் ஒரு சிறு குடைவரை உண்டு. வெட்டவெளிப் பாறை, மதில் நிழல், குடைவரை இருள் ஆகிய மூவகை ஒளியும் சிறு நடைதொலைவுக்குள் அமைந்திருப்பதால், ஒளிமானியின் இயல்பை அறிய இது பொருத்தமான இடமாகும்.

இங்கு நண்பகற் சூரியன் ஆண்டின் எந்நாளிலும் 56 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. ஆகவே வானம் தெளிந்த நாட்களில், குளிர்காலத்திலும் பதினாறு விதி பொருந்தும். ஆனால் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அப்போது பாறையின் கிடைப்பரப்பு முழு வெயிலைப் பெறும். செங்குத்தான மதிலோ வெயிலை உராய்ந்தாற்போல் மட்டுமே பெறும். மனித முகத்தில் புருவ நிழல் கண்களை மறைக்கும். இந்நேரத்தில் மதிலை அளந்து எஃப்/16 வரவில்லை என்று ஒளிமானியைக் குறைகூறுதல் தவறாகும். மதிலையோ முகத்தையோ படம் எடுப்பதாயின் விதியிலிருந்து ஒரு படி திறப்பது வழக்கம்.

சோதனைக்குக் காலை 9 மணியளவு ஏற்றது. ஏப்ரல் மாதத்தில் அந்நேரம் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 45 பாகை உயரத்தில் இருக்கும். சூரியனை முதுகுப்புறம் கொண்டு, சாம்பல் அட்டையைச் சூரியனுக்கும் கருவிக்கும் இடைப்பட்ட திசை நோக்கிச் சாய்த்துப் பிடித்து அளக்கவேண்டும். அளவீடு பதினாறு விதியிலிருந்து அரைப் படிக்குள் அமைந்தால், வெயிலைப் பொறுத்தவரை ஒளிமானி நம்பத்தக்கது. பின்னர் மதில் நிழலிலும், வாயிற்கூரையின் கீழும், ஒப்பீட்டுக் கருவியுடன் மீண்டும் அளந்தால் பிழை மாறாததா மாறுவதா என்பது விளங்கும்.

குடைவரையை வெளியிலிருந்து படம் எடுப்போர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். வாயிலைச் சூழ்ந்த வெயிற்பாறையே ஒளிமானியின் பார்வையை நிரப்புவதால் உட்பகுதி கருமையாகிவிடும். உள்ளிருந்து அளந்து அமைத்தால் வெளிப்பாறை வெளிறிவிடும். எதனைக் காட்டவேண்டும் என்பதைப் படம் எடுப்பவரே முடிவு செய்து, அப்பகுதியை மட்டும் நெருங்கி அளக்கவேண்டும். எந்த ஒளிமானியும் இம்முடிவை எடுக்காது. கோயில்களின் உட்பகுதியில் படம் எடுப்பதற்கு முன் கோயில் நிர்வாகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

பராமரிப்பு

நீண்ட நாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து மின்கலத்தை நீக்கிவிடவேண்டும். கசியும் மின்கலமே தொடுகைகளை அரிக்கிறது. செலீனியம் வகைக் கருவியை மூடியிட்டு இருளான, ஈரமற்ற இடத்தில் வைத்தல் நன்று. பழைய கருவிக்குள் பாதரச மின்கலம் இருப்பின் அதனை உடைக்கவோ எரிக்கவோ குப்பையில் இடவோ கூடாது. மின்னணுக் கழிவுகளைச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கவேண்டும். பிழையின் அளவு காலப்போக்கில் மாறக்கூடும் என்பதால், திருத்திய ஐஎஸ்ஓ எண்ணை ஆண்டுக்கு ஒருமுறையும், முக்கிய நிகழ்வுகளுக்கு முன்னரும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

ஒளிப்படக்கருவி
படச்சுருள்
செலீனியம்
மினமாட்டா உடன்படிக்கை
திருமயம்